நாலாவது கிராஸ், வெல்டிங் கடைக்கு மேல்

பேஸ் கிடார் வாசிக்கிறவளை யாரும் பார்ப்பதில்லை.
நிறுத்தினால் மட்டும்
ஏதோ குறைகிறதே என்று
தலையைத் திருப்புவார்கள்.
பன்னிரண்டு வருடமாக அந்த ஏதோ நான்.

காக்ஸ் டவுன் மண்டபத்தில் அன்று
வீடில்லாத இளையோருக்கு நிதிக் கச்சேரி.
பாட்டுக்கு ஷீபா, டிரம்ஸுக்கு முனிரத்தினம்,
கீபோர்டின் கடைசித் தவணை கட்டாத இம்மானுவேல்.
கல்யாண சீசன் முடிந்தால்
நாங்களே கடன் சொல்லி டீ குடிக்கிறவர்கள்.

முன்வரிசையில் பதினாலு பேர்.
எல்லோருக்கும் ஒரே மஞ்சள் டி-சர்ட், மடிப்புக் கலையாமல்.
மூன்றாவது பாட்டிலேயே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.
ஷீபாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.
எனக்கும் பிறகுதான் உறைத்தது:
மின்விசிறி, சாய்ந்துகொள்ள நாற்காலி,
யாரும் தடியால் தட்டி எழுப்பாத இரண்டு மணிநேரம்.
அன்று நாங்கள் கொடுத்ததில் நல்லது அதுதான்.

கடைசியில் காசோலை.
ஆளுயர அட்டை. நாற்பத்தோராயிரத்து இருநூறு.
ஒரு முனையில் ஷீபா, மறுமுனையில் பசம்மா.
போட்டோ. இன்னொரு போட்டோ.
"சிரிம்மா" என்றார் போட்டோக்காரர்.
அவள் அட்டையின் கனத்தைக்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மண்டபம் காலியானதும் கேட்டாள்,
பாதி யாதகிரிக் கன்னடம், பாதி மார்க்கெட் தமிழ்:
"இத நான் எடுத்துக்கவா அக்கா?
கீழ போட்டா ஈரம் ஏறாது."

மறுவாரம் மார்க்கெட் மேம்பாலத்தடியில்
பூ மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தேன்.
நாற்பத்தோராயிரத்து இருநூறின் மேல்
மெகபூப் குறுக்காகப் படுத்திருந்தான்.
'மட்டும்' என்று எழுதியிருந்த இடத்தில் அவன் குதிகால்.

வெட்கம் என்று எழுதிவிட்டு அடிக்கிறேன்.
சவுண்ட் செக்கில் எல்லாம் சரியாக இருந்து
மேடையேறியதும் ஒரு ஒயர் மட்டும் இரையுமே, அது.

என்ன வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன்.
"கிடார் கத்துக்கறியா?"
"வேணாம். சார்ஜ் போடணும்."
கொஞ்சம் கழித்து,
"உங்ககிட்ட அட்ரஸ் இருக்கா?"

கொரியரில் ஆள் எடுக்கிறார்களாம்.
ஊர்க் கதவையெல்லாம் தேடித் தட்டுகிற வேலை.
சேர்வதற்கு
முதலில் அவளுக்கு ஒரு கதவு வேண்டுமாம்.

லிங்கராஜபுரம், நாலாவது கிராஸ்.
வெல்டிங் கடைக்கு மேல் எங்கள் ஒத்திகை அறை.
சுவர் முழுக்க முட்டைத் தட்டு. ஒரே ஜன்னல், அதுவும் திறக்காது.
வீட்டுக்காரர் தேவசகாயத்திடம் கையெழுத்துக்குப் போனோம்.
"போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார்.
யோசித்து, வாடகையை ஏற்றிக்கொண்டு, போட்டார்.
முனிரத்தினம் பெரிய சிம்பலை விற்றான்.
அவனாகச் சொல்லவில்லை.
பாட்டு உச்சிக்குப் போகும்போது
அவன் வலக்கை காற்றில் ஒரு கணம் தயங்கும்,
அவ்வளவுதான்.

இப்போது அறைக்குத் தபால் வருகிறது.
பசம்மாவுக்கு வங்கியிலிருந்து,
சித்தலிங்காவுக்கு ஐ.டி.ஐ.யிலிருந்து,
மெகபூபுக்குக் கோர்ட்டிலிருந்து.
"இந்த ரூம்ல எத்தன பேரும்மா?" என்று தபால்காரர் கேட்டார்.
"பதினோரு பேர்."
எங்களை நான் எண்ணவில்லை.

சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
நாலு பேருக்குத்தான் வேலை.
மெகபூப் இன்னும் பாலத்தடியில்தான்,
அட்டை முதல் மழையிலேயே கூழாகிவிட்டது.
அடுத்த கச்சேரிக்கு ஒருவர் கூப்பிட்டார்,
பெரிய காசோலை வைக்கலாமா என்றார்.
கெட்டியான பிளைவுட்டாக வையுங்கள் என்றேன்.
ஜோக் என்று சிரித்தார்.

போன புதன்கிழமை, ஒத்திகை நடுவில், கதவு தட்டும் சத்தம்.
நீலச் சீருடையில் பசம்மா.
பொட்டலத்தில் இருந்த பேரை உரக்க வாசித்தாள்.
என் பேர். நான் வரவழைத்த கிடார் கம்பிகள்.
"ஓடிபி சொல்லுங்க."
சொன்னேன்.
"அட்ரஸ் இதுதானே?" என்றாள்,
சிரிக்காமல், வேலைக் குரலில்.

நான் வாசிப்பை நிறுத்தியிருந்தேன்.
உள்ளே மூன்று பேரும்
ஏதோ குறைகிறதே என்று தலையைத் திருப்பினார்கள்.
"இதுதான்" என்றேன்.

பைக்கில் இன்னும் பத்தொன்பது பொட்டலம்.
இருந்தாலும் உள்ளே வந்து,
ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்து பிளக்கில்
பத்து நிமிஷம்
சார்ஜ் போட்டுக்கொண்டு போனாள்.